160 படி இறங்கி ஒரு காம்பராவை நிரப்ப எத்தனை மூட்டை?

[1] நோர்வூட் படிக்கட்டு
எல்லோருக்கும் வணக்கம். மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ரோடு மேலே, காணி கீழே, இடையில் 160 படி. டிப்பரோ லொறியோ ரோட்டோடு நின்றுவிடும். அதன்பின் எல்லாமே தோள்தான்.

அத்திவாரம் எழும்பிவிட்டது. முன்காம்பராவின், அதாவது முன் அறையின், உள்ளளவு 11 அடிக்கு 9 அடி. சரிவான நிலம் என்பதால் மேட்டுப் பக்கம் ஓர் அடி பள்ளம், இறக்கப் பக்கம் மூன்று அடி பள்ளம். இதை மண் போட்டு நிரப்பி மேலே 3 அங்குலம் கொங்கிரீட் போட வேண்டும். மேலே இன்னொருவர் வீட்டுக்குத் தளம் வெட்டியபோது குவித்த செம்மண் ரோட்டோரம் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

சுமக்க நான்கு பேர் வருகிறார்கள். கூலி மூட்டைக் கணக்கு. எத்தனை மூட்டை வரும் என்று முதலிலேயே சொல்லச் சொல்கிறார்கள். வீடு கட்டும் மேசன் பாஸ் "முந்நூறு வைத்துக்கொள்" என்கிறார். மைத்துனர் "நூற்றைம்பது போதும்" என்கிறார். இருவருக்கும் இடையில் என் அரை மாதச் சம்பளம் இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

[2] கொழும்பு வாசி
சராசரி ஆழம் 2 அடி. 11 × 9 × 2 = 198 கன அடி. மூட்டைக்கு ஒரு கன அடி என்றால் 198 மூட்டை. இதற்கு எதற்கு ஓர் இழை?

[3] மட்டப்பலகை
ஹட்டன் பக்கம் 26 வருடமாக மேசன் வேலை செய்கிறேன். கொழும்புத் தம்பி சொன்ன பெருக்கல் சரி. ஆனால் அந்தக் காம்பராவுக்குள் போகப்போவது பெருக்கல் இல்லை, மண்.

மேட்டில் வெட்டாமல் கிடக்கும் மண்ணுக்கு ஒரு பருமன். வெட்டிக் குவித்தால் அதே மண் கால்வாசி ஊதிப்போகும். குழியில் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்தால் மறுபடி சுருங்கும். நீங்கள் பையில் கட்டப்போவது ஊதிய மண். காம்பராவுக்கு வேண்டியது சுருங்கிய மண். செம்மண்ணுக்கு நான் நான்குக்கு ஐந்து என்று வைப்பேன். இடித்து இறுகிய 4 கன அடிக்கு உதிரியாக 5 கன அடி.

இடிக்காமல் அப்படியே கொட்டிக் கொங்கிரீட் போட்டுவிடலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். இரண்டு மழைக்காலம் போனதும் மண் தானாக இறங்கும். கொங்கிரீட் அந்தரத்தில் நிற்கும். கட்டில் காலுக்குக் கீழே வெடிக்கும். அப்படி வெடித்த தளங்களை உடைத்தே நான் பல மாதம் சோறு தின்றிருக்கிறேன்.

தம்பி, இரண்டு கேள்வி. ஆழத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? எந்தப் பையில் கட்டப்போகிறீர்கள்?

[4] நோர்வூட் படிக்கட்டு
அண்ணன், அத்திவாரத்தின் மேல்விளிம்பில் நூல் கட்டி, நூலிலிருந்து கீழே அளந்தேன். பை, காலி யூரியாப் பை. 60 வைத்திருக்கிறேன்.

[5] மட்டப்பலகை
தளத்தின் மேல்மட்டம் அந்த நூல்மட்டம் என்றால் 3 அங்குலக் கொங்கிரீட்டும் உங்கள் அளவுக்குள் சேர்ந்துவிட்டது. அந்தக் கால் அடியைக் கழியுங்கள். 11 × 9 × ¼, ஏறத்தாழ 25 கன அடி. மண் கொண்டுவந்து நிரப்பிவிட்டுப் பிறகு 25 கன அடி மண்ணைத் தோண்டி வெளியே வாரிய வீட்டையும் பார்த்திருக்கிறேன். வேறு யாரும் இல்லை, என் முதல் ஒப்பந்தம்.

[6] டேப்பும் பென்சிலும்
தொழில்நுட்பக் கல்லூரியில் அளவையியல் படிக்கிறேன். இரண்டு பக்க ஆழத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பது, நிலம் பலகைபோல ஒரே சீராகச் சரிந்தால் மட்டும் சரிவரும். நம் பக்கத்து நிலம் அப்படிச் சரிவதில்லை. நடுவில் தொய்ந்திருக்கும், அல்லது பழைய தேயிலை வரிசையின் கான் (வடிகால்) ஒன்று குறுக்கே ஓடியிருக்கும்.

ஒன்பது இடத்தில் அளந்து போடுங்கள்: நான்கு மூலை, நான்கு பக்கங்களின் நடு, காம்பராவின் நடு. நூலை இழுத்துக் கட்டினால்தான் அளவு நிற்கும்.

[7] நோர்வூட் படிக்கட்டு
இன்று வேலை விட்டு வந்ததும் டோர்ச் வெளிச்சத்தில் அளந்தேன். எல்லாம் அங்குலத்தில்.
மேட்டு மூலைகள் 12, 14. இறக்க மூலைகள் 36, 32.
பக்க நடுக்கள்: மேட்டில் 16, இறக்கத்தில் 38, இடமும் வலமும் 26, 26.
காம்பராவின் நடு 30.
தம்பி சொன்னது சரி. நடுவில் தொய்வு இருக்கிறது. கான் எதுவும் இல்லை. ஒரு பழைய முருங்கை மரத்தைப் பிடுங்கிய குழி.

[8] டேப்பும் பென்சிலும்
மூலை ஒவ்வொன்றையும் ஒரு தரமும், பக்க நடுவை இரண்டு தரமும், மைய நடுவை நான்கு தரமும் கூட்டி 16ஆல் வகுக்க வேண்டும். மூலை அளவு காம்பராவின் ஒரு காற்பகுதியைத்தான் தொடுகிறது, நடு அளவு நான்கு காற்பகுதியையும் தொடுகிறது. அதனால்தான் இந்த ஏற்றத்தாழ்வு.

மூலைகள் 94. பக்க நடுக்கள் 106, இரண்டு தரம் 212. மையம் 30, நான்கு தரம் 120. மொத்தம் 426. 16ஆல் வகுத்தால் 26.6 அங்குலம், அதாவது 2.22 அடி.

99 சதுர அடி × 2.22 = 220 கன அடி. வெறும் மூலைகளின் சராசரியில் போட்டிருந்தால் 194தான் வந்திருக்கும். முருங்கைக் குழி 26 கன அடி விழுங்கியிருக்கிறது.

மேசன் அண்ணன் சொன்ன 25ஐக் கழித்தால் 195 கன அடி இடித்த மண். நான்குக்கு ஐந்து வைத்தால் உதிரி மண் 244 கன அடி.

[9] கொழும்பு வாசி
சரி, 244 மூட்டை. நான் 198 சொன்னேன். அதிகத் தூரம் இல்லை.

[10] பழைய டீமேக்கர்
தூரம் இருக்கிறது தம்பி. இன்னும் பையைப் பற்றி யாருமே பேசவில்லை.

நான் 31 வருடம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருந்தவன். தேயிலையை மரப்பெட்டியில் அடைத்த காலமும் தெரியும், கடதாசிப் பை வந்த காலமும் தெரியும். ஒரே அளவுப் பைதான். டஸ்ட் அடைத்தால் ஒரு நிறை, நீள இலைத் தேயிலையான ஓ.பி. அடைத்தால் வேறு நிறை. இலை நீளமாகச் சுருண்டிருந்தால் இடையில் காற்று அதிகம், பை நிறைந்தும் தராசு ஏறாது. டஸ்ட் மணல் மாதிரி இறங்கி உட்காரும். புதிதாக வந்த பையன்கள் இரண்டு பையும் ஒரே உயரம் நிற்கிறதே என்று ஒரே நிறையை எழுதிவைத்துத் திட்டு வாங்குவார்கள்.

உங்கள் யூரியாப் பையும் அந்தக் கதைதான். மேலே 50 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. அது யூரியாவுக்கு 50 கிலோ. யூரியா லீற்றருக்கு முக்கால் கிலோ அளவில்தான் நிறுக்கும். ஆகவே அந்தப் பை கிட்டத்தட்ட 67 லீற்றர் கொள்ளும். ஒரு கன அடி 28.3 லீற்றர். பைக்கு 2⅓ கன அடி வருகிறது. சீமெந்து லீற்றருக்கு 1.44 கிலோ. அதன் 50 கிலோப் பை 35 லீற்றர்தான், ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் 50 என்றே எழுதியிருக்கும். ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஈரச் செம்மண் உதிரியாக இருந்தாலும் கன அடிக்கு 35 கிலோவுக்கு மேல் நிறுக்கும். யூரியாப் பையை வாய்வரை நிரப்பினால் 80 கிலோவைத் தாண்டும். 160 படியில் அதைச் சுமக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் மைத்துனர் பையைப் பார்த்து 150 என்றிருப்பார். சுமப்பவர்கள் முதுகைப் பார்த்துக் கட்டுவார்கள். பையின் கொள்ளளவை மறந்துவிட்டு, அவர்கள் கட்டுகிற மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

[11] நோர்வூட் படிக்கட்டு
ஐயா, மைத்துனர் இந்த இழையைப் படிக்கிறார். அவர் பையைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

[12] டிப்பர் தம்பி
அளக்கிற பேச்சு வந்ததால் என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மணல் ஏற்றுகிறேன். என் டிப்பர்ப் பெட்டியின் உள்ளளவு 11 அடி நீளம், ஆறரை அடி அகலம், மூன்றரை அடி உயரம். பெருக்கிப் பாருங்கள், 250 கன அடி. கியூப் ஒன்று 100 கன அடி என்பதால் இரண்டரை கியூப். ஏற்றும் இடத்தில் பலகை வைத்து மட்டமாக வழித்துத்தான் வருகிறேன்.

தோட்ட ரோட்டில் இரண்டு மணித்தியாலம் குலுங்கி வந்தால் மணல் 4 அங்குலம் இறங்கியிருக்கும். வீட்டுக்காரர் டேப்பைப் போட்டு "கால் கியூப் குறைகிறது" என்கிறார். வழியில் யார் வந்து தின்றது? ஒரு தடவை மஸ்கெலியாவில் ஒரு பெரியவர் டயருக்குக் கீழே குனிந்து பார்த்தார், கொட்டியிருக்கிறதா என்று.

[13] டேப்பும் பென்சிலும்
4 அங்குலம் இறங்கினால் 71½ சதுர அடிக்கு 24 கன அடி. பெரியவர் கணக்கில் பிழையில்லை. மணல் குறையவில்லை, இடைவெளி குறைந்தது. ஆனால் உங்களுக்கும் ஒரு கேள்வி அண்ணன். ஏற்றும்போது மணல் ஈரமா?

[14] டிப்பர் தம்பி
ஆற்று மணல் ஈரமில்லாமல் எப்படி வரும்? மனம்பிட்டியிலிருந்து வந்தாலும் ஈரம்தான், காய்ந்து கிடந்தாலும் இங்கே வந்தால் மூடுபனியே நனைத்துவிடும்.

[15] டேப்பும் பென்சிலும்
அப்படியானால் ஏற்றும்போதே ஊதிய மணல். சற்று ஈரமான மணலில் ஒவ்வொரு துணிக்கையையும் சுற்றி நீர்ப்படலம் ஒட்டி, ஒன்றையொன்று தள்ளிவைக்கும். பருமன் ஐந்தில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம், நுண்மணல் இன்னும் ஊதும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால் அந்தப் படலம் போய்விடும், மணல் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நேராக நிற்கும் கண்ணாடிப் போத்தலில் ஈர மணலை அழுத்தாமல் 6 அங்குலம் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கித் தெளியவிடுங்கள். மணல் 5 அங்குலத்தில் நின்றால், வந்த மணல் ஐந்துக்கு ஒன்று ஊதியிருந்தது. இரண்டரை கியூப்புக்குப் பணம் கொடுத்தவர் இரண்டு கியூப்புக்குச் சற்று மேல்தான் வாங்கியிருக்கிறார்.

[16] டிப்பர் தம்பி
இதை என் வாடிக்கையாளர் யாரும் படிக்காமல் இருக்கட்டும்.

(ஆனால் உண்மையைச் சொன்னால், நானும் அந்தக் கணக்கில்தான் வாங்குகிறேன். ஆற்றங்கரையில் எனக்குப் போத்தல் வைத்துக் காட்டுவது யார்?)

[17] பண்டாரவளை அக்கா
தம்பிமாரே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் லயத்துக்கு (தோட்ட வரிசை வீட்டுக்கு) பின்னால் மண்மேடு. ஒவ்வொரு மழைக்கும் சேறு இறங்கி இஸ்தோப்பு (வாசல் திண்ணை) வரை வந்துவிடுகிறது. 20 அடி நீளத்துக்கு 2 அடி உயரம் மண்மூட்டை அடுக்கலாம் என்று நினைக்கிறோம். எத்தனை பை வேண்டும்?

[18] மட்டப்பலகை
அக்கா, அடுக்குகிற பையை நிறைய அடைக்கக்கூடாது. பாதிக்குச் சற்று மேல் மண், வாயை மடித்துக் கீழே போட வேண்டும். நிறைந்த பை உருளும், பாதிப் பை பக்கத்துப் பையோடு ஒட்டிப் படியும். சீமெந்துப் பை அளவிலான நெய்த பை என்றால், மிதித்தபின் ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், 5 அங்குல உயரம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 அடிக்கு ஒரு வரிசையில் 14 பை. 2 அடி உயரத்துக்கு 5 வரிசை. 70 பை. ஒற்றைச் சுவர் நிற்காது, கீழ் மூன்று வரிசையை இரட்டையாக்குங்கள், அதற்கு 42. மொத்தம் 112. செங்கல் கட்டுவதுபோல மேல் பை கீழ் இரண்டு பையும் சேரும் இடத்தை மூட வேண்டும். தண்ணீர் போக வழி விடாமல் அடுக்கினால் பின்னால் குளம் கட்டும், அது இன்னும் மோசம்.

[19] பழைய டீமேக்கர்
112 பை சேற்றை மறிக்கும். மலையை மறிக்காது, மகளே. மேட்டில் வெடிப்பு இருக்கிறதா? மரம் ஏதாவது புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டு, கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழைக்கலாம். மேட்டை வந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார்.

மீரியபெத்தை உங்களுக்குத் தொலைவில் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்தத் தோட்டத்து மக்கள் மண்சரிவில் லயங்களோடு மண்ணுக்குள் போனார்கள். பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடமே இல்லை.

[20] பண்டாரவளை அக்கா
ஐயா, வெடிப்பு இல்லை. ஒரு சவுக்கு மரம் சாய்ந்த மாதிரி இருக்கிறது, முன்பே அப்படித்தானா என்று பிள்ளைகளின் அப்பாவுக்கும் ஞாபகமில்லை. நாளைக்கே கிராம அலுவலரைப் பார்க்கிறேன்.

[21] நோர்வூட் படிக்கட்டு
அக்கா, பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

என் பக்கம்: டீமேக்கர் ஐயா சொன்னபடி ஒரு பெட்டி செய்தேன். பழைய பலகை, உள்ளளவு ஓர் அடிக்கு ஓர் அடிக்கு ஓர் அடி. சுமக்க வருபவர்களில் மூத்தவரை அழைத்து, "நீங்கள் வழக்கமாகக் கட்டுவதுபோல மூன்று மூட்டை கட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் தாச்சியால் அள்ளிப் போட்டு, பையைத் தூக்கி இரண்டு தரம் தரையில் தட்டி, கழுத்தைத் திருகி, வாழை நாரால் கட்டினார். பையில் பாதிகூட நிறையவில்லை. அவிழ்த்துப் பெட்டியில் கொட்டினேன். ஒரு பெட்டி நிறைந்து மீதி. மூன்று மூட்டைக்கும் சராசரி 1.1 கன அடி. தராசில் 41 கிலோ.

244ஐ 1.1ஆல் வகுத்தால் 222 மூட்டை. அவரிடம் அந்த எண்ணைச் சொன்னேன். கண்ணை மூடி ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, "இருநூற்று முப்பது என்று வை" என்றார். பெட்டியையும் அவர் பார்க்கவில்லை, நூலையும் பார்க்கவில்லை.

[22] மட்டப்பலகை
அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொங்கிரீட்டுக்கும் இப்போதே எண்ணிவிடுவோம், ஒரே சுமையாட்களோடு முடியும். 24.75 கன அடி தளம். உதிரிச் சாமான் அதைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் கல்லின் இடுக்கில் மணல் ஒளியும், மணலின் இடுக்கில் சீமெந்து ஒளியும். 1.54ஆல் பெருக்குவது வழக்கம். 38 கன அடி. 1:2:4 கலவைக்கு (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நான்கு) ஏழு பங்கு. ஒரு பங்கு 5.44 கன அடி.

சீமெந்து 5.44 கன அடி, பைக்கு 1.22 என்று வைத்தால் நான்கரைப் பை. ஐந்து வாங்குங்கள். மணல் 11 கன அடி. முக்கால் அங்குலக் கல் 22 கன அடி. மணலும் கல்லும் காய்ந்திருந்தாலே கன அடிக்கு 45 கிலோவை எட்டும், ஆகவே மூட்டைக்கு ஒரு கன அடிக்கு மேல் கட்டாதீர்கள். 33 மூட்டை. மணல் ஈரமாக இருந்தால் போத்தல் தம்பியின் கணக்குப்படி இரண்டு மூட்டை கூட்டுங்கள்.

சீமெந்தைக் கடைசி நாளில் கீழே இறக்குங்கள். பலகைமேல் அடுக்கி மூடுங்கள். நம் மூடுபனிக்கு இரண்டு வாரம் தரையில் கிடந்தால் பைக்குள்ளேயே கல்லாகிவிடும்.

[23] டிப்பர் தம்பி
அந்த 11 கன அடி மணலுக்கு டிப்பரைக் கூப்பிட்டுவிடாதீர்கள் தம்பி. கியூப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஹார்ட்வெயாரில் பையாக வாங்கிவிடுங்கள். பூச்சு வேலைக்கு வரும்போது நான் வருகிறேன், போத்தலோடு காத்திருங்கள்.

[24] நோர்வூட் படிக்கட்டு
முடிந்தது. இரண்டு நாள், நான்கு பேர். அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் இடித்தோம். நூலுக்குக் கீழே மூன்று அங்குலம் வந்தபோது என் கொப்பியில் இருந்த கோடுகளை எண்ணினேன்.

236.

என் 222ஐவிட 14 அதிகம். மூத்தவரின் 230ஐவிட 6 அதிகம். எங்கே போனது என்று இரண்டாம் நாள் மாலை கண்டுபிடித்தேன். மூன்று மணிக்கு வந்த ஒரு மூட்டையைத் தற்செயலாகத் தராசில் வைத்தேன். 34 கிலோ. காலையில் 41 இருந்தது. இன்னும் இரண்டை வைத்தேன், 35, 34.

[25] கொழும்பு வாசி
அப்பட்டமான ஏமாற்று. மூட்டைக்குக் கூலி என்றால் சின்ன மூட்டை கட்டத்தான் செய்வார்கள். 14 மூட்டைக் காசைக் கழித்துக் கொடுங்கள். அடுத்த தடவை ஒவ்வொரு மூட்டையையும் தராசில் வைத்து எடுங்கள்.

[26] இரண்டாம் நம்பர் லயம்
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தப் பதிவுக்குப் பிறகு இருக்க முடியவில்லை.

236 மூட்டையை நான்கால் வகுங்கள். ஆளுக்கு 59. ஒரு நாளைக்கு 30 நடை. 160 படியை 30ஆல் பெருக்குங்கள். 4,800 படி மண்ணோடு இறங்கி, 4,800 படி வெறுங்கையோடு ஏறியிருக்கிறார்கள். மாலை மூன்று மணிக்கு அந்த முதுகு 41 கிலோவை ஏற்கவில்லை, 34ஐ ஏற்றது. கட்டியவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ, தாச்சி தானாகவே ஒன்று குறைந்திருக்கும்.

என் அம்மா 29 வருடம் கொழுந்து பறித்தார். நிறுவைக்குப் போனால் சாக்குக்கு இவ்வளவு கழிவு, ஈரத்துக்கு இவ்வளவு கழிவு. வெயில் நாளிலும் ஈரக் கழிவு. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். தராசுத் தட்டைப் பார்த்தபடி நின்ற அம்மாவின் முகம் எனக்குத் தெரியும். தராசு முள் எந்தப் பக்கம் நின்று பேசும் என்பதும் தெரியும். இப்போது நாம் காணி எடுத்து வீடு கட்டுகிறோம், நல்லது. கட்டுகிற முதல் வீட்டிலேயே நம் ஆட்களுக்கு நாமே கழிவு போடப்போகிறோமா?

[27] கொழும்பு வாசி
உணர்ச்சியைக் கணக்கோடு கலக்கக்கூடாது அக்கா. பேசியது மூட்டைக்கு. மூட்டை என்றால் ஓர் அளவு இருக்க வேண்டும்.

[28] பழைய டீமேக்கர்
இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறீர்கள், அதனால் சண்டை முடியாது. மூட்டைக்கு அளவு வேண்டும் என்பது சரி. அந்த அளவை யார் வைத்தார்கள்? காலை எட்டு மணிக்குக் கட்டிய மூன்று மூட்டையை வைத்து இரண்டு நாளுக்கும் எண்ணியது நம் தம்பிதான். கொழுந்து காலையில் ஒரு நிறை, அந்தியில் ஒரு நிறை என்று தெரிந்த நானும் அதைச் சொல்லாமல் விட்டேன். 14 மூட்டையும் நம் பிழையில் வந்தது.

மூத்தவரின் 230 எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா? அவர் கண்ணை மூடி எண்ணியது மாலை மூட்டையையும் சேர்த்து.

[29] நோர்வூட் படிக்கட்டு
236க்கும் முழுக் காசு கொடுத்துவிட்டேன் ஐயா. இந்தப் பதில்களைப் பார்ப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன், ஆகவே எனக்குப் பெரிய நல்ல பெயர் வேண்டாம். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார், வேறு வழியில்லை.

அடுத்தது குசினி. அந்த நான்கு பேரிடமும் விஷயத்தை உடைத்துச் சொன்னேன், 41, 34 என்று. மூத்தவர் சிரித்தார். இளையவர் ஒருவர், "முதலிலேயே சின்னதாக ஓர் அளவு வைத்தால் காலையிலும் அதே, மாலையிலும் அதே" என்றார். பெட்டியைக் கொண்டுவந்து, ஒரு கன அடி மண்ணைப் பையில் கொட்டி, தட்டி, மண் நின்ற உயரத்தில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டோம். 60 பைக்கும் போட்டோம். மூட்டைக் கூலியை மூட்டையின் அளவுக்கேற்ப அவர்களே சிறிது குறைத்துப் பேசினார்கள்.

[30] டேப்பும் பென்சிலும்
குசினியின் ஒன்பது அளவையும் போடுங்கள் அண்ணன்.

[31] நோர்வூட் படிக்கட்டு
இந்தத் தடவை நானே போட்டுவிட்டேன். 9 அடிக்கு 7 அடி, கொங்கிரீட்டைக் கழித்தபின் சராசரி ஆழம் ஒன்றரை அடி. 94.5 கன அடி. நான்குக்கு ஐந்து வைத்தால் 118. கோடு போட்ட பை ஒன்றுக்கு ஒரு கன அடி. 118 மூட்டை.

[32] பண்டாரவளை அக்கா
கிராம அலுவலர் வந்து பார்த்தார். சவுக்கு மரத்துக்கு மேலே புல்லுக்குள் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது, எங்கள் கண்ணுக்குப் படவில்லை. மழை விடும்வரை எங்களையும் பக்கத்து மூன்று காம்பராவையும் பாடசாலைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறார். 40 பை கட்டி வைத்திருந்தோம், அப்படியே கிடக்கிறது. டீமேக்கர் ஐயாவுக்கு என் மாமியார் நன்றி சொல்லச் சொன்னார்.

[33] பழைய டீமேக்கர்
பாடசாலையில் போர்வை போதுமா மகளே? மழை விட்டதும் உடனே திரும்பிவிடாதீர்கள். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

[34] நோர்வூட் படிக்கட்டு
குசினி இன்று முடிந்தது. 118 மூட்டையும் இறக்கினார்கள். 115இல் நூலுக்குக் கீழே மூன்று அங்குலத்துக்கு வந்துவிட்டது. மாலை மூட்டை ஒன்றை வேண்டுமென்றே தராசில் வைக்கவில்லை, கோட்டை மட்டும் பார்த்தேன். கோட்டில்தான் இருந்தது.

மிஞ்சிய மூன்றில் இரண்டைப் படி அரித்த இடத்தில் கொட்டினோம். மூன்றாவதை அம்மா தரவில்லை. குசினி வாசலில் வைத்து, கோட்டுக்கு மேலே பையை மடித்துவிட்டு, கொத்தமல்லி போட்டுவிட்டார்.